சாரத்தில் ஏறும் உயிருக்குக் காப்பு யார் செலவு?

காலை ஆறரை மணிக்கு மறைமலைநகர் ரயில் நிலையத்தில் வந்து நின்று பாருங்கள், தோழர்களே! செங்கல்பட்டுப் பக்கமிருந்து வரும் வண்டியிலிருந்து ஆணும் பெண்ணுமாய் ஜனங்கள் திமுதிமுவென்று இறங்குகிறார்கள். ஒரு கையில் தூக்குச்சட்டி. மறு கையில் கரணையும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் போட்ட கோணிப்பை. மதுராந்தகத்திலிருந்தும் அச்சிறுபாக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். ஏரியில் தண்ணீர் இருந்தால் நாற்று நடுவார்கள், களை எடுப்பார்கள், அறுப்பார்கள். தண்ணீர் இல்லாத மாதங்களில் கலவைச் சட்டி தூக்குவார்கள். இவர்கள் கூலிக்கு உழுத வயல்களில் பல இன்று மனைகளாகிவிட்டன. அந்த மனைகளின் மேல் எழும்பும் மாடிகளுக்கு இவர்களே செங்கல் சுமக்கிறார்கள்.

அங்கே நின்றிருந்த ஒரு கண்ட்ராக்டரிடம் கேட்டேன்: “சாரத்தில் ஏறுகிற ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா?”

அவர் சிரித்தார். “கட்டுப்படி ஆகுமா தோழரே? எங்கள் வேலை ஆபத்தான வேலை என்று கம்பெனிக்காரன் அதிகப் பணம் கேட்கிறான். கம்பி விலை ஏறிவிட்டது, சிமெண்டு விலை ஏறிவிட்டது. இதுவும் சேர்ந்தால் நான் எங்கே போவது? ஆண்டவன் புண்ணியத்தில் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை” என்றார்.

பக்கத்தில் நின்ற சித்தாள் அம்மா ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “அவருக்கு ஒண்ணும் நடக்கலதான்.”

அந்த அம்மாள் சொன்னதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கண்ட்ராக்டர் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்: வேலை ஆபத்தானது. எவ்வளவு ஆபத்து என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குப் போட்டு ஒரு தொகை கேட்கிறது. அந்தத் தொகை அதிகம் என்பதால் அவர் கட்டவில்லை. கட்டாததால் ஆபத்து போய்விட்டதா? போகவில்லை. அது சாரத்தின் மேல் அப்படியே நிற்கிறது. அதன் செலவு மட்டும் கண்ட்ராக்டரின் கணக்குப் புத்தகத்திலிருந்து கொத்தனாரின் குடிசைக்கு மாற்றப்பட்டுவிட்டது. கட்டாத பிரீமியத்தை யார் கட்டுகிறார்கள்? தாலி அறுத்தவள் கட்டுகிறாள். பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகும் பையன் கட்டுகிறான்.

நூறு வருஷத்துச் சட்டம்

இந்த நாட்டில் தொழிலாளிக்கு நஷ்டஈடு என்பது நேற்று வந்த பேச்சல்ல. 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்தது. அதற்கு முன் என்ன நிலைமை? அடிபட்ட தொழிலாளி கோர்ட்டுக்குப் போய், முதலாளியின் மேல் குற்றம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் நீதிபதிகள் 1837-ல் ஒரு விசித்திரமான கொள்கையைக் கண்டுபிடித்தார்கள். கூட வேலை செய்யும் இன்னொரு தொழிலாளியின் தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல என்றார்கள். கூடியமட்டும் எல்லா விபத்தையும் கூடவேலை செய்தவன் தலையில் கட்டிவிடலாம் அல்லவா?

இந்த அநியாயத்தை எதிர்த்துத் தொழிலாளி வர்க்கம் பல நாடுகளில் போராடியது. ஜெர்மனியில் 1884-ல் விபத்து இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. சோஷலிஸ்டு இயக்கத்தைத் தடைச்சட்டம் போட்டு நசுக்கிய அதே பிஸ்மார்க்கின் சர்க்கார்தான், தொழிலாளர் எழுச்சியைக் கண்டு பயந்து அந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அதன்படி முதலாளிகள் தொழில் வாரியாகச் சங்கம் சேர்ந்து, தாங்களே பணம் கட்ட வேண்டும். தொழிலாளி ஒரு காசு கட்ட வேண்டாம். இங்கிலாந்தில் 1897-ல் சட்டம் வந்தது. கட்டிட வேலையில் அது எப்படி இருந்தது தெரியுமா? முப்பது அடிக்கு மேல் உயரமான கட்டிடமாக இருந்தால்தான் சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு நஷ்டஈடு! இருபத்தொன்பது அடிக் கட்டிடத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியாது என்று நினைத்தார்கள் போலும்.

நம் நாட்டு 1923 சட்டம் ஒரு முக்கியமான தத்துவத்தை ஏற்றுக்கொண்டது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நடந்தால், தவறு யாருடையது என்ற விசாரணையே வேண்டாம். முதலாளி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். செத்துப்போனாலோ நிரந்தரமாக முழுதும் முடமானாலோ, “குடித்திருந்தான்”, “பெல்ட்டைக் கழற்றினான்” என்று சொல்லியும் அவர் தப்ப முடியாது. ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் நூற்றுக்குப் 12 வட்டி. காரணமில்லாமல் தாமதித்தால் நூற்றுக்கு 50 வரை அபராதம். கண்ட்ராக்டர் கைவிரித்தால், அவருக்கு வேலை கொடுத்த பில்டரிடம் கேட்கலாம். பில்டர் கொடுத்துவிட்டுக் கண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

2010-ல் இந்தச் சட்டத்தின் பெயர் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமுலுக்கு வந்து, பழைய சட்டத்தின் விஷயம் அதன் ஏழாவது அத்தியாயமாகச் சேர்ந்தது. அடிப்படைத் தத்துவம் அதே தத்துவம்தான்.

அப்படியானால் குறை எங்கே?

லாரிக்கு உண்டு, ஆளுக்கு இல்லை

குறை இங்கே இருக்கிறது. 1923 சட்டம் நஷ்டஈட்டைக் கட்டாயமாக்கியது. அந்த நஷ்டஈட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதைப் பொதுவாகக் கட்டாயமாக்கவில்லை.

பெரிய முதலாளி என்றால் அவரிடம் சொத்து இருக்கிறது. கோர்ட்டுத் தீர்ப்பை நிறைவேற்றலாம். ஆனால் கட்டிட வேலை எப்படி நடக்கிறது? பில்டருக்குக் கீழே கண்ட்ராக்டர். அவருக்குக் கீழே துணைக் கண்ட்ராக்டர். அவருக்குக் கீழே சென்ட்ரிங் மேஸ்திரி, கம்பி மேஸ்திரி, பூச்சு மேஸ்திரி. கடைசி மேஸ்திரியும் நம்மைப் போன்ற உழைப்பாளிதான். பத்துப் பேரை வைத்து வேலை வாங்குவார். அவரும் கரணை பிடிப்பார். சொந்த வீடு கட்டும் குடும்பம் நேராக அவரிடம் வேலையை விட்டிருந்தால், அடிபட்ட ஆளுக்குச் சட்டப்படி பத்து லட்சம், பதினைந்து லட்சம் என்று தீர்ப்பு வந்தாலும் அவரிடம் என்ன இருக்கிறது? ஒரு பழைய இரு சக்கர வண்டியும் நாலு சென்ட்ரிங் பலகையும் இருக்கும். தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்!

லாரி விஷயத்தில் சர்க்கார் இப்படியா நடந்துகொண்டது? மோதியவனிடம் பணம் இல்லை என்றால் மோதப்பட்டவன் கதி என்ன என்று யோசித்தார்கள். 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் கொண்டுவந்தபோதே மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று எழுதினார்கள். இன்று நடப்பிலுள்ள 1988ஆம் வருஷத்துச் சட்டத்திலும் அது உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாத லாரி ஜி.எஸ்.டி. ரோட்டில் போனால் மடக்கி அபராதம் போடுகிறார்கள். அந்த லாரி ஏற்றிச் செல்லும் ஜல்லியை வாங்கிக் கலவை போடுகிறவன் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஏழாம் மாடியில் நிற்கலாம்! ஒருவரும் மடக்குவதில்லை.

இன்னொரு உதாரணம் பாருங்கள். நம் கொத்தனார் ஒருவர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், குடியேற்ற அனுமதி தேவைப்படும் தொழிலாளி என்ற முறையில், அவருக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2003-ல் ஏற்பட்ட பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற திட்டம் அது. 2017-ல் திருத்தியபின் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய் கட்டணம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். பாலிசி இல்லாமல் விமானம் ஏற அனுமதி கிடைக்காது. அதே கொத்தனார், அதே கரணையுடன், மறைமலைநகரில் சாரம் ஏறினால் எந்தச் சீட்டும் தேவையில்லை! கடல் தாண்டிப் போகும் உயிருக்கு ஒரு சட்டம், கொளவாய் ஏரி தாண்டி வரும் உயிருக்கு வேறு சட்டமா? சர்க்கார் நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

“கட்டுப்படி ஆகாது” – கணக்குப் பார்ப்போம்

கட்டுப்படி ஆகாது என்கிறார்களே, பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுவோம்.

நாற்பது லட்சம் ரூபாயில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கூலி 12 லட்சம் என்று வைப்போம். தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டத்தில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், முதலாளியின் பங்கு 2019 ஜூலை முதல் கூலியில் நூற்றுக்கு 3.25. பன்னிரண்டு லட்சத்துக்கு 39,000 ரூபாய். வீட்டின் மொத்தச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை! அந்தப் பணத்துக்கு விபத்துக் காப்பு மட்டுமா கிடைக்கிறது? நோய்க்கு வைத்தியம், பிரசவ உதவி, அடிபட்டுப் படுத்திருக்கும் நாட்களுக்குக் கூலியில் நூற்றுக்கு 90, இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை, எல்லாம் அதில் அடக்கம். வேலையில் விபத்து என்றால், முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

வாசல் கேட்டுக்கும் முன்பக்க அலங்காரக் கல்லுக்கும் செலவழிக்கும் பணத்தை நினைத்துப் பாருங்கள். அதைக் ‘கட்டுப்படி ஆகாது’ என்று யாராவது சொன்னார்களா? சிமெண்டு கம்பெனி விலை ஏற்றினால் வாய் திறவாமல் கொடுக்கிறார்கள். வாயில்லாத சாமானுக்கு விலை ஏறலாம். வாயுள்ள மனிதன் மட்டும் மலிவாகக் கிடைக்க வேண்டும்!

“அப்படியானால் ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே, பிறகென்ன?” என்று கேட்கலாம். ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. கட்டிடத் தளங்களில் வேலை செய்பவர்களை அதில் சேர்க்க முடிவு செய்தது 2015 ஆகஸ்டில்! அறுபத்தேழு வருஷம் கழித்துத்தான் கொத்தனாரும் தொழிலாளி என்ற ஞானம் பிறந்தது. அதிலும் குறைந்தது பத்துப் பேராவது இருந்தால்தான் திட்டம். ஆறு பேர் ஏழு பேராக வீடு கட்டுகிறவர்கள் வெளியே. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் கூலி என்றால் வெளியே. இது 2017 ஜனவரியில் நிர்ணயித்த வரம்பு. நாளுக்கு 900 ரூபாய் வாங்கும் கொத்தனார் 26 நாள் வேலை செய்தால் 23,400 ஆகிறது. ஆக, வேலை நன்றாகக் கற்றுக்கொண்ட குற்றத்துக்காக அவர் திட்டத்திலிருந்து தள்ளப்படுகிறார்.

சரி, நஷ்டஈட்டுச் சட்டத்துக்கு வருவோம் என்றால் அங்கே வேறொரு கத்தரிக்கோல் காத்திருக்கிறது. இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. ஆனால் எவ்வளவு கூலி வாங்கியிருந்தாலும், 2020 ஜனவரியில் செய்த அறிவிப்பின்படி, 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. அதன்படி நம் கொத்தனாரின் குடும்பத்துக்கு 13,81,275 ரூபாய். உண்மைக் கூலியான 23,400-ஐ வைத்துக் கணக்கிட்டால் 21,54,789 ரூபாய் வர வேண்டும். வித்தியாசம் 7,73,514 ரூபாய்! ஒரு உச்சவரம்பு, ஒரு விதவையிடமிருந்து ஏழே முக்கால் லட்சத்தைப் பிடுங்குகிறது. அவன் உழைத்தபோது முழு உழைப்பையும் எடுத்துக்கொண்டார்கள். செத்தபிறகு முக்கால் மனிதனாகக்கூட மதிக்கவில்லை.

மௌலிவாக்கமும் எண்ணூரும்

2014 ஜூன் 28. சனிக்கிழமை, மாலை மழை. போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டிடம் சீட்டுக்கட்டைப் போல் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதில் ஏராளம். அன்று மறைமலைநகரும் மௌலிவாக்கமும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். எட்டே நாளில், ஜூலை 6-ந் தேதி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு சுவர் இடிந்து பக்கத்தில் தூங்கிய கட்டிடத் தொழிலாளர் 11 பேரைப் பலி வாங்கியது.

2025 செப்டம்பர் 30. எண்ணூரில் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். மாநில சர்க்கார் தலைக்கு 10 லட்சமும் பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும் அறிவிக்கப்பட்டன. வந்தது நல்லதுதான். கண்ணீரைத் துடைக்கும் எந்தக் கையையும் நாம் தட்டிவிடப் போவதில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். ஒன்பது பேர் ஒரே நாளில் இறந்தால் பத்திரிகையில் படம் வருகிறது, நிவாரணம் வருகிறது. திங்கட்கிழமை ஒருவன், வியாழக்கிழமை ஒருவன் என்று தனித்தனியே விழுந்து சாகிறவனுக்கு யார் வருகிறார்கள்? நிவாரணம் மந்திரியின் மனசைப் பொறுத்தது. நஷ்டஈடு உரிமை. நிவாரணம் ஜனங்களின் வரிப்பணம். நஷ்டஈடு, லாபம் சம்பாதித்தவன் கொடுக்க வேண்டிய கடன். அந்தக் கடனை ஜனங்களின் பையிலிருந்து கட்டிவிட்டு, கடன்காரனைத் தப்பவிடுவதா?

விழுந்து சாகிற சாவு மட்டும்தான் சாவா? மாமல்லபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். ரோட்டோரக் கொட்டகைகளில் உளிக்குப் பதிலாக இன்று மின்சாரச் சக்கரம் கல்லை அறுக்கிறது. தூள் மேகமாக எழும்புகிறது. சிற்பியின் தலைமயிரும் புருவமும் வெளுத்துவிடுகின்றன. அந்தத் தூள் நுரையீரலில் படிந்து வருவதுதான் சிலிகோசிஸ் என்ற நோய். சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது; நஷ்டஈட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் பத்துக் கொட்டகையில் மாறி மாறிக் கல் செதுக்கியவன் மூச்சு வாங்கும்போது, எந்தக் கொட்டகைக்காரர் கை தூக்குவார்? இன்ஷூரன்ஸ் பொது நிதியாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

ஒரு நியாயமான ஆட்சேபணை

சிலர் கேட்பார்கள்: “ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் சாரம் கட்டுகிறவனுக்கும் ஒரே விகிதம் என்றால், ஒழுங்காகப் பாதுகாப்புச் செய்யும் முதலாளியும் அலட்சியக்காரனும் ஒரே பணம்தானே கட்டுவார்கள்?”

இது யோசிக்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் ஒவ்வொரு நூறு டாலர் கூலிக்கும் இவ்வளவு என்று தொழில் வாரியாகப் பிரீமியம் வைக்கிறார்கள். குமாஸ்தாவுக்குச் சில காசு. கூரை போடுகிறவருக்கு அதைப்போல் பலமடங்கு. அடிக்கடி விபத்து நடக்கும் கம்பெனிக்கு விகிதம் ஏறும். பிரீமியம் குறைய வேண்டுமானால் வலை கட்டு, பெல்ட்டு கொடு, கழிச் சாரத்தை எடுத்துவிட்டு இரும்புச் சாரம் போடு என்று ஒரு நிர்ப்பந்தம் அதில் உண்டு. அது நல்ல அம்சம்.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரீமியத்தைக் குறைக்க முதலாளி வேறு வழிகளும் கண்டுபிடிப்பார். விபத்தை மறைப்பார். “இவன் என் ஆள் அல்ல, தனிக் கண்ட்ராக்டர்” என்று எழுதிக்கொள்வார். கூரை வேலைக்காரனைத் தோட்டக்காரன் என்று பதிவார். நூறு பேரை வைத்து ஐம்பது பேர் பெயரை எழுதுவார்.

ஆகவே நம் கருத்து இது. அடிப்படைக் காப்பு பொது நிதியாக, கட்டாயமாக, ஒரே விகிதமாக இருக்கட்டும். மில்லும் ஆபீசும் கட்டிடமும் சேர்ந்து சுமக்கட்டும். ஏனென்றால் மில்லையும் ஆபீசையும் கட்டியவனும் சாரத்தில் ஏறியவன்தான். அதற்கு மேல், பாதுகாப்பு விதியை மீறுகிறவனுக்கும், மறுபடி மறுபடி விபத்து நடக்கும் கம்பெனிக்கும் கூடுதல் தண்டம் போடட்டும். அந்தக் கூடுதல் பாரத்தைத் தொழிலாளியின் கூலியில் ஏற்றக்கூடாது.

இன்னொரு தந்திரமும் கிளம்பியிருக்கிறது. “பாங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டு, இரண்டு லட்சம் கிடைக்கும்” என்று கண்ட்ராக்டர்கள் ஆட்களுக்கு உபதேசம் செய்கிறார்கள். சர்க்காரின் சுரக்ஷா பீமா திட்டம் அது. கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் பணத்தில் நீங்கள் எடுத்துக்கொண்டது. முதலாளியின் பொறுப்பு அதனால் ஒரு பைசாகூடக் குறையாது. உன் குடையை நீ பிடித்திருக்கிறாய் என்பதற்காக, ஒழுகும் கூரையை வீட்டுக்காரன் வேய வேண்டாமா?

பெட்டியில் தூங்கும் பணம்

“இதற்கெல்லாம் பணம் எங்கே?” என்கிறார்கள். பணம் இருக்கிறது!

நம் மாநிலத்தில் கட்டிடத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிப் போராடியதன் பலனாக 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் வந்தன. நாடு முழுவதற்கும் 1996-ல் சட்டம் வந்து, கட்டிடச் செலவில் நூற்றுக்கு ஒன்று நல வரியாக வசூலாயிற்று. அந்தப் பணம் என்னவாயிற்று? 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன கணக்கு இது: நாடு முழுவதும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல், தொழிலாளர்களுக்கென்று செலவானது சுமார் 9,500 கோடி. மீதி? சர்க்கார்களின் பெட்டியில் தூங்கிற்று. அந்த வேளையில் சாரத்திலிருந்து விழுந்தவனின் மனைவி மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தாள்!

புதிய தொகுப்புச் சட்டம் இதைச் சரி செய்ததா? கவனியுங்கள். சொந்த வீட்டுக்கு வரி விலக்கு முன்பு 10 லட்சம் ரூபாய் வரை இருந்தது; இப்போது 50 லட்சம் வரை ஆகிவிட்டது. நாம் மேலே கணக்குப் போட்ட நாற்பது லட்ச ரூபாய் வீடு பழைய சட்டப்படி 40,000 ரூபாய் வரி கட்டியிருக்கும். இனி, குடியிருக்கக் கட்டும் வீடு என்றால், அது கட்ட வேண்டியதில்லை. மிச்சமுள்ளவர்களும் தங்கள் வரியைத் தாங்களே மதிப்பிட்டுக் கட்டலாமாம்! பூனைக்கே பாலைக் காவல் வைத்தாயிற்று.

ஐம்பது லட்சத்துக்குள் வீடு கட்டும் சாதாரணக் குடும்பத்தின் மேல் நமக்குப் பகை இல்லை. அவர்களில் மில் தொழிலாளியும் உண்டு, வாத்தியாரும் உண்டு. ஆனால் அந்த வீட்டிலும் சாரம் உயரம்தான். அங்கேயும் தரை கடினம்தான்.

கைநாட்டு வைக்கும் முன்

இனி, ஒவ்வொரு தொழிலாளியும் வீட்டில் சொல்லி வைக்க வேண்டிய விஷயம்.

விபத்து நடந்த இரவே ஒருவர் வருவார். அழுவார். “சட்டம், கோர்ட்டு என்று போனால் வருஷக்கணக்கில் ஆகும். இந்தா, ரெண்டு லட்சம். இந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிடு அம்மா” என்பார். சவத்தை எடுப்பதற்குள் காரியத்தை முடிக்கப் பார்ப்பார். போடாதீர்கள்! நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்தக் காகிதமும் செல்லாது. 1923 சட்டமே அப்படிச் சொன்னது. இறந்தவருக்கான நஷ்டஈட்டை முதலாளி கமிஷனரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டேன் என்றால் அது நஷ்டஈடு கொடுத்ததாகாது என்றும் அதே சட்டம் விதித்தது. ஏன் தெரியுமா? துக்கத்தில் இருப்பவளை ஏமாற்றுவது சுலபம் என்று அன்றே தெரிந்திருந்தது.

கூலிக்குச் சாட்சி வையுங்கள். மாதக் கூலியை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். “மாதம் எட்டாயிரத்துக்குத்தான் வேலை கொடுத்தேன்” என்று கண்ட்ராக்டர் சாதித்துவிட்டால் 30 வயது ஆளுக்கு 8,31,920 ரூபாய்தான் ஆகும். பதினைந்தாயிரம் என்று நிரூபித்தால் 15,59,850 ரூபாய். ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு சக தொழிலாளிகளின் சாட்சி, இவை ஏழு லட்சம் ரூபாய் பெறும். வாரியத்தில் பதிவு செய்யுங்கள், புதுப்பிக்க மறக்காதீர்கள். மனுவைக் காலம் கடத்தாமல் போடுங்கள். சங்கத்தின் மூலம் போடுங்கள். தனி ஆளாகப் போனால் நாற்காலிகூடக் கிடைக்காது. பத்துப் பேராகப் போனால் பைல் நகரும்.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

மில் தொழிலாளி கேட்கலாம்: “எனக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. கட்டிட வேலைக்காரன் பிரச்னை எனக்கு எதற்கு?” தோழரே, மறைமலைநகரில் நடந்ததை நீர் மறந்துவிட்டீரா? ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்த ஃபோர்டு கார் தொழிற்சாலை 2022-ல் இங்கே உற்பத்தியை நிறுத்தியது. கேட்டு மூடினால் ஈ.எஸ்.ஐ. சீட்டு எத்தனை நாள் செல்லும்? ஆலை வேலை போனவன் அடுத்த மாதம் பெயிண்டு டப்பாவோடு கயிற்றில் தொங்குகிறான். இன்றைய மில் தொழிலாளியின் நாளை, சாரத்தில் இருக்கலாம்.

விவசாயத் தொழிலாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாரத்தில் நிற்பவனே அவன்தான். அவன் பெண்டாட்டிதான் சித்தாள். அவன் அண்ணன் தம்பிதான் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் படுத்திருப்பவன். மொழி வேறாக இருக்கலாம். விழுந்தால் உடையும் எலும்பு ஒன்றுதான். அவனை மலிவான கூலி என்று நம்மோடு மோதவிடுகிறவனே, அவன் செத்தால் ஊர் பேர் தெரியாது என்று கைகழுவுகிறான்.

ஆகவே நாம் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டியவை இவை:

1. இன்ஷூரன்ஸ் சீட்டு இல்லாமல் எந்தக் கட்டிடத்துக்கும் திட்ட அனுமதி கொடுக்கக் கூடாது. நகராட்சியிலோ ஊராட்சியிலோ வரைபடம் பாஸ் செய்யும்போதே பிரீமியத்தையும் வசூலிக்க வேண்டும்.

2. ஆறு பேர் வேலை செய்யும் சிறிய தளங்களுக்கு, நல வரிப் பணத்திலிருந்து வாரியமே கூட்டாக இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். சிறிய மேஸ்திரியும் பிழைப்பார், தொழிலாளியும் பிழைப்பான்.

3. நஷ்டஈட்டுக் கணக்கில் 15,000 ரூபாய் உச்சவரம்பை ஒழித்து, உண்மைக் கூலியை வைத்துக் கணக்கிட வேண்டும். ஈ.எஸ்.ஐ. வரம்பையும் பத்துப் பேர் நிபந்தனையையும் தளர்த்த வேண்டும்.

4. விபத்தை மறைக்கும் கண்ட்ராக்டருக்கு அடுத்த டெண்டர் கிடையாது என்று விதி வேண்டும்.

5. கல் தூளில் வேலை செய்பவர்களுக்கு வருஷா வருஷம் மார்புப் பரிசோதனையும், யாரிடம் வேலை செய்திருந்தாலும் பொது நிதியிலிருந்து நஷ்டஈடும் வேண்டும்.

இவற்றில் எதுவும் வானத்து நட்சத்திரமல்ல. லாரிக்குச் செய்ததை ஆளுக்குச் செய்யச் சொல்கிறோம். வளைகுடாவுக்குப் போகிறவனுக்குச் செய்ததை வண்டலூருக்குப் போகிறவனுக்குச் செய்யச் சொல்கிறோம்.

மாலை ஆறு மணிக்கு அதே ரயில் நிலையத்தில் நின்றேன். சிமெண்டு படிந்த கால்களோடு ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் பார்த்த அந்தச் சித்தாள் அம்மாளும் வந்தாள். தூக்குச்சட்டி காலியாக ஆடிற்று. இன்று எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நாளையும் திரும்ப வேண்டும். திரும்பாத ஒருவன் இருந்தால், அவன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும். அதற்குச் செலவாகும். அந்தச் செலவை, மாடி கட்டி லாபம் பார்ப்பவர்கள் கொடுக்கட்டும்!